கைப்பிடியில் வைத்த பொட்டு

காலையில் குளித்துத் திருநீறு பூசி, அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் முருகனைக் கும்பிட்டுவிட்டு துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் கம்பெனி வேன் ஏறுகிறேன். வேனிலிருந்து இறங்கியதும் நான் முதலில் தொடுவது துப்பாக்கி. அரியலூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்கு, தேர்தல் நாளில் போலீஸ்காரர் தோளில் தொங்கியதைப் பார்த்ததோடு சரி, துப்பாக்கியோடு வேறு பழக்கம் கிடையாது. இங்கே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காதை மூடிக்கொண்டு காகிதத்தைச் சுட்டுவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் போகிறார்கள். அந்தச் சுடும் கிளப்பின் ஆயுத அறையில் நான் உதவியாள். எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கித் துடைப்பது, பூட்டுவது. பத்தாவதோடு நின்றவனுக்கு ஆண்டவன் காட்டிய டூட்டி.

புதிதாக வந்த ரிவால்வர் ஒன்று ஆரம்பத்திலிருந்தே சீக்காளி. கொஞ்சம் சுட்டதும் தோட்டா போடும் உருளை சுற்றாமல் நின்றுவிடும். ஒருநாள் எங்கள் மேனேஜர் காலித் சாரின் விருந்தாளி கையிலேயே நின்று மானத்தை வாங்கியது. மெக்கானிக் இம்ரான் பாய் பெஷாவர்க்காரர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பிறக்கும்போதே பீமார், நோயாளி, பாய்" என்றார். வாரண்டி இருந்ததால் போலீஸ் அனுமதியோடு பூட்டிய பெட்டியில் துபாய் சர்வீஸ் சென்டருக்குப் போனது. குறை எதுவும் இல்லை என்று துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி நின்றது, மறுபடி போனது, மறுபடி அதே பதில். ஊரில் மிக்சி ரிப்பேர்காரர் நம் கண்ணெதிரே கழற்றுவார். "இப்படியா அரைப்பீங்க" என்று நம்மையே திட்டுவார். ஆனாலும் ஓட வைத்துத்தான் கொடுப்பார். இங்கே திட்டே கிடையாது. மரியாதையாக ஒரு ஈமெயில் வரும், சாமான் வந்தபடியே இருக்கும்.

இந்த நிலையில்தான் போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஊரில் அன்றைக்கு என் வீட்டுக்காரி தையல் மெஷின், மண்வெட்டி, அரிவாள்மணை என்று ஒன்றையும் விடமாட்டாள். நான் சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைப்பேன். பொரிகடலை தின்றுகொண்டே பிள்ளைகள் மெஷினைத் தொடாமல் சுற்றி வருவார்கள், அன்றைக்கு அதற்கு ஓய்வு. இங்கே எனக்கு ஓய்வு கிடையாது. துடைக்கும் மேஜைக்கும் பூட்டுக்கும் யாருக்கும் தெரியாமல் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். துப்பாக்கிகளில் அந்தச் சீக்காளிக்கு மட்டும், மரக் கைப்பிடியில் கடுகளவு சந்தனமும் குங்குமமும். நல்லபடியாக ஓடு சாமி என்று வேண்டிக்கொண்டு உடனே துடைத்தும்விட்டேன். மரத்தின் வரியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது.

மூன்றாம் தடவை அனுப்பியபோது அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உருளையின் கோளாறு கண்ணில் படவில்லை, பொட்டு பட்டுவிட்டது. 'கைப்பிடியில் இனம் தெரியாத சிவப்புப் பொருள். அனுமதியின்றிக் கை வைக்கப்பட்டதால் வாரண்டி செல்லாது.' கூடவே பெரிதாக்கிய படம்.

காலித் சார் என்னைக் கூப்பிட்டார். இந்த ஊர்க்காரர், அதிர்ந்து பேசமாட்டார்.

"முருகேஷ், திஸ் ரெட் வாட்?"

"பூஜா, சார்."

"கன்னுக்குப் பூஜாவா? யாரை ஷூட் பண்ண?"

"நோ ஷூட் சார். வொர்க் காட். ஆல் வொர்க் காட்." எல்லா வேலைக்கும் சாமி உண்டு என்று சொல்ல என்னிடம் அவ்வளவு இங்கிலீஷ்தான் இருந்தது.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆயுதத்தில் கை வைத்தவன் என்று என் பெயரில் ஒரு வரி போலீசுக்குப் போனால், விசாவும் போய்விடும், விசாரணையும் வந்துவிடும். யோசித்துச் சொல்கிறேன், போ என்றார்.

வெளியே இம்ரான் பாய் காத்திருந்தார். "யாரோ லேடி கஸ்டமர் லிப்ஸ்டிக்னு சொல்லிடு பாய், கதம், முடிஞ்சுது."

"சாமிக்கு வச்சதை லிப்ஸ்டிக்னு சொன்னா என் நாக்கு அழுகிடும் பாய்."

"நாக்கு இருக்கும். வேலை இருக்காது."

மறுநாள் பெட்டியைத் திரும்ப வாங்க நாங்கள் இருவரும் துபாய் போனோம். சர்வீஸ் கவுண்டரில் நின்ற பையன் என் நெற்றியைப் பார்த்ததுமே தமிழில் பேசினான். கோயம்புத்தூர்க்காரனாம். ரிப்போர்ட்டில் இருந்தது அவன் கையெழுத்து. அவனுக்குப் பின்னால் காற்றடிக்கும் மெஷின் நின்றது. அதன் நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"தம்பி, அந்த மெஷின்ல இருக்கிறதும் இனம் தெரியாத பொருளா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அது எங்க மெஷின்ங்ணா."

"பொட்டு இருக்கிறது கைப்பிடியில. நிக்கிறது உருளை. அது எப்படிய்யா இங்கேர்ந்து அங்க போச்சு?"

"எனக்குத் தெரியுதுங்ணா. கம்பெனி கோளாறுன்னு எழுதுனா மேல என்னைக் கேப்பாங்க. நானும் விசாலதாங்க இருக்கேன்."

வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினான் என்று விட்டிருப்பேன். தெரிந்த கை எழுதியதுதான் இன்றைக்கும் எரிகிறது. தன் பிழைப்பைக் காக்க என் சாமியை அழுக்கு என்று எழுதிவிட்டானே.

திரும்பியதும் இம்ரான் பாய் என்னை முந்திக்கொண்டு காலித் சாரிடம் போனார். "சார், உங்க கெஸ்ட் கையில நின்னப்போ நீங்களே பக்கத்துல இருந்தீங்க. அப்போ இந்த ரெட் எங்கே இருந்துச்சு?" காலித் சார் அந்தப் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கலாஸ், முருகேஷ், முடிஞ்சுது. உன் பேர் எங்கேயும் போகாது. பட் நோ மோர் ரெட்" என்றார். ஐந்து வேளையும் தொழுகிற இம்ரான் பாய் என் குங்குமத்துக்காகப் பேசினார். ரிவால்வர் சரியாகவே இல்லை. இன்னமும் அலமாரியில் ஊமையாகக் கிடக்கிறது. தினம் அதையும் எடுத்துத் துடைத்துத்தான் வைக்கிறேன், அதன்மேல் எனக்கென்ன கோபம்.

இந்த வருஷ ஆயுத பூஜையன்று வீட்டுக்காரி வீடியோவில் தையல் மெஷினைக் காட்டினாள். "உங்க சாமானுக்கு வச்சாச்சா?" என்றாள். வைத்தாச்சு என்றேன். பொய்யில்லை. குளித்து முடித்ததும் என் வலது உள்ளங்கையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தேன். இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற ஆயுதம் அந்தக் கை ஒன்றுதான். அதன்மேல் கம்பெனி கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனேன். நாள் முழுக்க எடுத்தேன், துடைத்தேன், பூட்டினேன். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் வியர்வையில் எல்லாம் கரைந்து, கையுறையின் உள்பக்கம் சிவந்து கிடந்தது. என் கை வெறுமையாக இருந்தது.