கடலுக்குப் போகும் பஸ்

1938. அரூரில் இரண்டு பஸ்கள் நிற்கின்றன. சேலம் பஸ்ஸில் ஏறினால் ராமேசுவரம், திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் புதுச்சேரி. கடலையே பார்த்திராத நான் முழிக்கிறேன். ராமேசுவரத்தில் புண்ணியம் கிடைக்கும். புதுச்சேரியில் சாராயம் கிடைக்கும். எங்கள் சேலம் ஜில்லாவில்தான் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்களே.

கலயத்தோடு நிற்கும் ஒரு விவசாயியிடம் எந்தக் கடல் நல்லது என்று கேட்கிறேன்.

"வூட்ல யாருங்க தவறிட்டாங்க?"

"யாருமில்லீங்க. சும்மா பார்க்கத்தான்."

சாவில்லாமல் கடலுக்குப் போகிறவனை அவர் ஏற இறங்கப் பார்க்கிறார்.

"அப்ப எங்க சித்தப்பன் அஸ்தியையும் கரைச்சிடுங்க. களத்துல ராகி கெடக்குது, மழ வர்ற மாதிரி இருக்குது."

கலயம் என் கைக்கு வந்துவிட்டது. அஸ்தியென்றால் ராமேசுவரம்தான், சாராயம் போச்சு. சேலம் பஸ்ஸில் கால் வைக்கிறேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்.

"புதுச்சேரிக்கே போங்க. கள்ளுக்கடைய மூடுனதுல இருந்து மனுசன் ஏங்கியே செத்தாருங்க."