படம் காட்டாத பைக்கடை

வலைத்தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. அது ஒழுங்காகத் தெரிந்தால் யாரும் எங்களைத் தேடுவதில்லை. பட்டன் நகர்ந்துவிட்டது, எழுத்து வரிசை தாண்டிவிட்டது, நேற்றைய நீலம் இன்று வேறு நீலமாகிவிட்டது என்றால்தான் போன் அடிக்கும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வேறு தொழிலில் அடி வாங்குகிறவர்களும் கூடவே கேளுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நான் வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். வேலை செம்பூரில், ஒரு சின்னக் கம்பெனியில். அங்கே என் தலையில் வந்து விடிந்தவர் தாராவியில் தோல் பை தைக்கும் மைதீன் பாய்.

முதல் நிபந்தனை

பாயின் கார்கானா, அதாவது பைப் பட்டறை, ஒரு மாடியறை. இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். நான் ஏறி உள்ளே தலையை நீட்டியதும் தையல் மிஷின்கள் நின்றன, மேஜை மேல் இருந்த பைகள் மீது யாரோ ஒரு போர்வையை இழுத்து மூடினார்கள். நான் சைட் செய்ய வந்தவள் என்று சொன்ன பிறகும் போர்வை விலகவில்லை.

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாகப் பாயின் பைகளை ஒரு தரகர் வாங்கித் தன் பெயரில் விற்றுவந்தார். இப்போது அவர் கையை விரித்துவிட்டார். பெங்களூரில் ஒரு பெரிய கடை நேரடியாக எடுக்கத் தயார். ஆனால் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் அவர்கள் வாங்குவதில்லை. சொந்தமாக சைட் இருக்க வேண்டும், திங்கட்கிழமை மதியம் அவர்களுடைய மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஆர்டர் கிடைத்தால் கார்கானா ஓடும்; இல்லையென்றால் மிஷின்களை விற்றுவிட்டு ஆட்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். பாய் இதை என்னிடம் ஒளிக்கவில்லை. பையை மட்டும்தான் ஒளித்தார்.

அந்தச் சந்தில் காலையில் ஒருவர் புது மாடல் தொங்கவிட்டால் சாயங்காலம் எதிர்க்கடையில் அதே மாடல் தொங்கும். பாய் புதிதாக ஒரு பை செய்திருந்தார். தோளில் மாட்டுகிற பை, வாரை ஒரு இழுப்பு இழுத்தால் முதுகுப் பையாகிவிடும். அதை எதிர்க் கார்கானா செல்லத்துரை பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. பாய், படம் இல்லாமல் பைக்கடைக்கு எப்படி சைட் போடுவது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கடை தெரியணும்மா, சரக்கு தெரியக்கூடாது."

மூன்று கோடு

பைகளைப் படமெடுக்க ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. படங்கள் என் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது என்று சத்தியம் செய்யாத குறை. முதல் மாதிரியை, படங்கள் இல்லாமல், போனில் காட்டப் போனேன். பழுப்பும் வெள்ளையுமாக, நானே கொஞ்சம் மெச்சிக்கொண்ட பக்கம் அது.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கட்டைவிரலில் பசை காய்ந்து தோலாகியிருந்ததால் ஒரு பட்டனும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முகவரி, பெயர், நிறம் எல்லாவற்றையும் தாண்டிப் போனார். மெனுவைத் திறப்பதற்காக மூலையில் நான் வைத்திருந்த அடையாளத்திலேயே கண் போய் நின்றது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்த மூணு கோட்டை மட்டும் அழிக்க மறந்துட்டீய."

கதவும் திரையும்

பாஸ்வேர்ட் போட்டால் மட்டும் படம் தெரிய வேண்டும் என்று முடிவானது. முறையாகச் செய்வதென்றால் அதை சர்வரில் பூட்ட வேண்டும். அது என் வேலையல்ல, முலுண்டிலிருந்து வரும் கணேஷின் வேலை. கணேஷோ வேறொரு புராஜெக்டில் கழுத்து வரை மூழ்கியிருந்தான். எங்கள் மேனேஜர் நிகில் ஒரு வழி சொன்னார்: படங்களை மங்கலாக்கி வை, பாஸ்வேர்ட் போட்டால் தெளியட்டும், எல்லாவற்றையும் நீயே முன்பக்கத்தில் முடித்துவிடு. தெரிந்தவன் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் பிரித்துவிடுவான் என்றேன். தாராவியில் இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் இருப்பது அதற்கு அடுத்த தெரு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத்தான் படிக்கிறார்கள். ஆனால் சம்பளம் தருகிறவர் சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ளத்தான் நமக்குப் பழக்கம். மங்கலாக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் கணேஷ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் வடாபாவ். மற்றக் கையால் என் கீபோர்டில் ஏதோ தட்டினான். மங்கல் போய்விட்டது. பாயின் பை, வார், தையல், உள்பை எல்லாம் பளிச்சென்று நின்றன. அவன் வடாபாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஜெயா, நீ கதவு போடலை, திரைன்னா போட்டு வெச்சிருக்கே."

சந்து முழுக்க

கணேஷ் நல்லவன். திங்கட்கிழமை அவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், லீவு போட்டிருந்தான். அப்படியும் காலையில் ரயிலில் உட்கார்ந்து நிஜமான பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தப்பான பாஸ்வேர்ட் சில தடவை விழுந்தால் பூட்டு இறுகிவிடும், பத்திரம் என்று செய்தி அனுப்பினான். இனி சாயங்காலம்தான் போன் எடுப்பேன் என்றும் எழுதியிருந்தான். நான் லேப்டாப்போடு பாயின் கார்கானாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. பெங்களூர்க் கடையின் மேடத்துக்குப் பாய் போனில் பாஸ்வேர்டைக் காதோடு காதாகச் சொன்னார். எனக்கு அன்றுதான் முதல் முறையாக டீ இறங்கியது.

பன்னிரண்டு மணிக்கு மேடம் கூப்பிட்டார். ஓசூர்க்காரர், நல்ல தமிழ். மீட்டிங்கில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஆனால் பக்கம் திறக்கவில்லை, பாஸ்வேர்டை எத்தனை தடவை போட்டாலும் பூட்டப்பட்டிருக்கிறது என்றே வருகிறது என்றார். என் லேப்டாப்பிலும் அதேதான். ரயிலில் அவசரமாக எழுதியதில் கணேஷ் பூட்டை ஆளாளுக்குப் போடாமல் மொத்தமாகப் போட்டிருக்கிறான். யாரோ தப்பாகத் தட்ட, எல்லாருக்கும் சேர்த்து இறுகிவிட்டது. கணேஷுக்குப் போன் போட்டேன், அணைந்திருந்தது.

தட்டியது யார்? முகவரி நம்மையும் மேடத்தையும் தவிர யாருக்கும் தெரியாதே பாய் என்றேன். பாய் நெற்றியைத் துடைத்தார். சொந்தமாக சைட் வந்துவிட்ட சந்தோஷத்தில் காலையில் சந்துக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் முகவரியைப் போட்டிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஊரே தட்டியிருக்கிறது. பாயின் மகள் பெயர், ஊர்ப் பெயர், பைக் நம்பர் என்று ஒன்று விடவில்லை என்பது குரூப்பைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பாய் கீழே சந்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கடையத்தான காட்டுனேன்... பூட்ட ஆட்டிப் பாப்பானுவன்னு யாரு கண்டா?"

திறந்து போடுதல்

மேடம் மறுபடி கூப்பிட்டார். அடுத்த ஆளின் சைட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், அது முடிவதற்குள் வந்தால் பார்க்கிறோம், இல்லையென்றால் மன்னிக்கணும் என்றார். சர்வர் பூட்டு என் கையில் இல்லை. முன்பக்கம் என் கையில் இருந்தது, படங்களும் லேப்டாப்பில் இருந்தன. மேடம் திறந்து வைத்திருக்கிற அதே முகவரியில் பூட்டே இல்லாத புதுப் பக்கம் ஒன்றைப் போட்டுவிடலாம். ஆனால் அந்த நிமிஷமே சந்து முழுக்கத் தெரியும். அதைச் சொன்னேன்.

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. தைக்கிறவர்கள் பாயையே பார்த்தார்கள். அவர் போர்வைக்கு அடியில் கையை விட்டு அந்தப் பையை வெளியே எடுத்தார், வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. "போட்டுருங்கம்மா" என்றார். போட்டேன். பக்கம் ஏறியதும் கீழே சந்தில் ஒரே சலசலப்பு.

மேடம் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் வைத்தோம். முதுகுப் பையாக மாறுகிற அந்தப் பைதான் வேண்டும், தீபாவளிக்கு எல்லாக் கிளைகளுக்கும் வேண்டும் என்றார். அவர் சொன்ன கணக்கைக் கேட்டதும் பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரிடம் இருக்கிற மிஷின்கள் இரவும் பகலும் ஓடினாலும் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும்.

அந்த நேரம் பார்த்து ஏணியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. செல்லத்துரை. கையில் போன், போனில் பாயின் பை. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "பாய், இந்த வார் எங்கன கூடி உள்ள போவுது? படத்துல சரியா தெரியலியே" என்று கேட்டார். நான் லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன், கைகலப்பு வந்தால் அதையாவது காப்பாற்றலாம் என்று. பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையை அவரிடமே நீட்டினார்.

"உள்ள வாரும்வே, காட்டித் தாரேன். பாதி நீருதான் தைக்கணும்."

மறைப்பதற்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, திறந்து போட்டதற்காகப் பேர் வாங்குவதுதான் நம் தொழில்.