தோற்பதற்குச் சம்பளம்

என் தாய்மாமா ஆடித் தோற்பதற்குச் சம்பளம் வாங்கினார். இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

விழுப்புரத்தில் பெரிய மனிதர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. அங்கே பச்சைத் துணி போர்த்திய பெரிய மேஜை, ஓரங்களில் ஆறு குழிகள். நீளக் குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். பதினைந்தில் எட்டை முதலில் போடுகிறவருக்கு ஜெயம். மாமாவை மார்க்கர் என்று கூப்பிடுவார்கள். யார் எத்தனை போட்டார் என்று பலகையில் ஏற்றுவார், ஜோடி இல்லாமல் வருகிறவர்களோடு ஆடுவார். ஆடினால் தோற்க வேண்டும். எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம் அது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மாமாவோடு, கிளப்புக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். அந்த அறையும் வேலையோடு வந்ததுதான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எதிர்வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து டீச்சர் வளையல் அடகுக்குப் போனது வரை என் வாயில் எதுவும் தங்காது. "அந்த ரேடியோவ நிறுத்துடி" என்பார் அம்மா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளப்பில் ஆளில்லாத நேரத்தில், மாமா என்னை உள்ளே கூட்டிப் போனார். அதுவரை அந்தப் படியில்கூட ஏற விட்டதில்லை. பதினைந்து பந்துகளையும் முக்கோணமாக அடுக்கி, ஒரே அடியில் கலைத்து, ஒவ்வொன்றாகக் குழியில் போட்டார். ஒன்றும் தப்பவில்லை.

"அப்புறம் ஏன் மாமா மொதலாளிகிட்ட தோத்துப் போற?"

திண்டிவனத்து ரைஸ்மில் முதலாளியைச் சொன்னேன். கிளப் செயலாளர் அவர்தான். ஞாயிறுதோறும் காரில் வருவார். அவரை ஜெயிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை என்று பேர்.

"ஜெயிக்கிறது சுளுவு பாப்பா. ஒரே ஒரு பந்துல தோக்கணும், அதுவும் அவருக்குத் தெரியாம தோக்கணும். அதான் பேஜாரு."

ஒரு பந்தைக் குழியின் வாய்வரை உருட்டி நிறுத்தினார். "இப்ப இப்பிடிப் பண்ணணும்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு நாக்கைக் கடித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கூடவே சிரித்த மாமா, நடுவில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் முதலாளி மெட்ராஸிலிருந்து வந்த சம்பந்தியோடு வந்தார், தன் ஆட்டத்தைக் காட்ட. மாமா என்னைப் பொங்கல் பாவாடை கட்டச் சொன்னார். "வா, ஆட்டம் பாரு" என்றார். அம்மாவுக்கே ஆச்சரியம்.

ஆளுக்கு ஏழு பந்து ஆகி, மேஜையில் ஒன்றே ஒன்று மிச்சம். மாமாவின் முறை. பந்து குழி வாயில் போய் நின்றது. மாமா நெற்றியில் அடித்துக்கொண்டு நாக்கைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி சிரிப்பு?" என்றார் முதலாளி.

"மாமா வேணும்னேதான் வுட்டாரு. நேத்து பதினஞ்சும் போட்டாரே."

சம்பந்தி குடித்துக்கொண்டிருந்த சோடாவைக் கீழே வைத்தார். முதலாளி சிரித்த முகம் மாறாமல் மாமாவைப் பார்த்தார். "கொழந்த ஒளறுதுன்னு சொல்லிடுடா. மேல ஆடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதும். வேலையும் மிஞ்சும், அறையும் மிஞ்சும். மாமா என்னைப் பார்த்தார்.

"கொழந்த பொய் சொல்லாதுங்க."

"அப்ப போடு பாக்கலாம், பதினஞ்சும். ஒண்ணு தப்பினாலும் ஜல்தியா மூட்டையக் கட்டிடணும்."

"தப்பலன்னாலும் கட்டத்தான் சொல்லுவீங்க. ஆடிட்டே கட்டிக்கிறேன்."

நாலாவது பந்தில் சம்பந்தி எழுந்து நின்றார். பத்தாவதிலிருந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினைந்தும் விழுந்ததும், மாமா கிளப்பின் குச்சியை அதன் இடத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா என் வாயிலேயே அடித்தார். "இந்த வாயாலதாண்டி சோறு போச்சு."

"அவள அடிக்காதக்கா."

"சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"ஆடித் துன்னுவோம்."

"சூதாடித் துன்ற சோறு இந்த வவுத்துல நிக்குமா?"

"தோத்துத் துன்னதே நின்னுச்சேக்கா."

நின்றது. வேறோர் ஊரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். சொந்தமாக வாங்கிய குச்சியைத் துணி உறையில் போட்டுக்கொண்டு, மேஜை இருந்த ஊருக்கெல்லாம் மாமா போனார். பந்தயம் கட்டி ஆடினார். சில மாதம் வஞ்சிர மீன், சில மாதம் கேப்பைக் கூழ். என் படிப்பு அத்தோடு நின்றது. ஆனால் மாமா அதற்குப் பிறகு யாருக்காகவும் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே வியாபாரம் என்று போடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். "ஆட்டக்காரர்னு போடுங்க. இல்லன்னா எம் பேரே வேணாம்" என்றார். அப்படியே அச்சானது. அந்தப் பத்திரிகை இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இப்போது விழுப்புரத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட இடங்களில் பையன்கள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். இதில் ஜெயித்துப் பிழைக்கிறவர்களை டிவியில் காட்டுகிறார்கள். மாமாவைச் சூதாடி என்று சொன்னவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் கூட்டிப் போய்க் காட்டுவேன்.

அம்மாவின் அந்த அடிக்குப் பிறகு நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை. அமைதியான பெண் என்று பேர் வாங்கிவிட்டேன். ஆனாலும் அன்று சொன்னது தப்பு என்று ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, அம்மாவிடம்கூட.

ஒன்று மட்டும் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. என் வாயில் எதுவும் தங்காது என்பது தெருவுக்கே தெரியும். மாமாவுக்குத் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் படியேறும் முன் அவர் குனிந்து என் ரிப்பனைச் சரிசெய்தார்.

"நேத்து எத்தினி பந்து போட்டேன் பாப்பா?"

"பதினஞ்சும் மாமா."

"ஒண்ணாச்சும் தப்பிச்சா?"

"ஒண்ணுகூட இல்ல மாமா."

வாய்ப்பாடு கேட்கும் வாத்தியார் போலக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், அவருக்கு முன்னால் உள்ளே ஓடினேன்.