செவலையின் கொண்டையும் தேங்காய் எண்ணெயும்

போன சனிக்கிழமை எனக்கு இருப்பே கொள்ளவில்லை, பிள்ளைகளே. காலையிலிருந்து நாலு தடவை கோழிக்கூண்டைத் திறந்து மூடிவிட்டேன்.

"ஏனுங்க, அதுகளுக்கே தலை சுத்தப் போகுதுங்க!" என்றாள் மனைவி.

சிரிக்கலாம். ஆனால் விஷயம் பெரிசு. எங்களிடம் ஆறு பெட்டை, இரண்டு சேவல். மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து மச்சான் விருந்துக்கு வருகிறார். ஒரு சேவல் குழம்புக்கு. மற்றதுதான் இனிப் பொரிக்கும் குஞ்சுகளுக்கெல்லாம் அப்பா! முட்டையும் வேண்டும், கறியும் வேண்டும், எங்கள் மலையூர் கேத்தியின் பனியையும் தாங்க வேண்டும்... தப்பாகத் தேர்ந்தெடுத்தால்?

கறுப்பன் கனம் சுமார், கொண்டையும் சின்னது. செவலை நல்ல கனம், கொண்டை பெரிசு. பெரிய கொண்டையை உறைபனி சும்மா விடாது – நுனி கருகிவிடும். ஆனால் அதிசயம்! இத்தனை பனியிலும் செவலையின் கொண்டை செம்பருத்தி மாதிரி இருந்தது.

தங்க வேண்டியவன் இவன்தான் என்று தூக்கினேன். கொண்டையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன்... தேங்காய் எண்ணெய்!

நாலாவது படிக்கும் மகள் யாழினி கதவோரம் நின்றாள்.

"யாரு கண்ணு தடவுனது?"

"நாந்தானுங்கப்பா... தெனமும் சாயங்காலம். எண்ணெய் கட்டியாயிருதுன்னு அடுப்புகிட்ட வெச்சு உருக்கினேன்."

"உன் தலைக்கு ஒரு நா வெச்சிருப்பியாடீ?" – உள்ளேயிருந்து அவள் அம்மா.

"கொண்டை கருகுனா செவலையக் கொழம்பு வெச்சுருவீங்கல்ல?" கண் நிறைந்துவிட்டது.

கூண்டைச் சுற்றி இன்னும் இரண்டு நடை நடந்தேன். பிறகு கேட்டேன்: "குஞ்சு இருவது பொரிச்சா, அத்தனைக்கும் நீயே தடவுவியா கண்ணு?"

யோசித்தாள். "முடியாதுங்கப்பா."

குஞ்சுக்கு வருவது அப்பனின் கொண்டைதான், எண்ணெய் வராதே! யாரும் எண்ணெய் தொட்டு வைக்காத கறுப்பனின் குட்டிக் கொண்டையில் ஒரு கருகலும் இல்லை. அவனே தங்கினான். கனம் குறைவா? அவன் குஞ்சுகளில் கனமானதைப் பார்த்து அடுத்த சேவலாக வைத்துக்கொண்டால் போயிற்று.

செவலை?

"கோழிக் கொழம்புன்னுதானுங்களே கூப்ட்டீங்க மாப்ள?" – முட்டைக் குழம்பைப் பார்த்து மச்சான் முறைத்தார். கிளம்பும்போது செவலையை ஒரு பையில் வைத்து உயிரோடு அவர் கையில் கொடுத்தோம். மலையடிவார மேட்டுப்பாளையத்தில் உறைபனி ஏது? வெட்ட மாட்டேன் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் யாழினி பையை விட்டாள்.

திங்கள் காலை பள்ளிக்குக் கிளம்பியவளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மங்கி குல்லா மாட்டி, வெடித்த உதட்டில் எண்ணெயும் தடவிவிட்டேன்... எண்ணெய் இல்லாமலே பனி தாங்க வேண்டும் என்கிற சட்டமெல்லாம் சேவலுக்கு மட்டும்தான்!