பக்கத்து வீட்டு முகம்

நாடோடிக் கதைகளுக்குப் படம் போடுகிற எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ராஜா, ராணி முகங்களைக் கற்பனையில் போட்டுவிடுவேன். பேய்க்கு மட்டும் அக்கம்பக்கத்தில் முகம் தேடுவேன். சமீபத்தில் படம் போட்ட ஒரு புத்தகத்துக்கான பேய் முகம், சென்னைக்கு வெளியே படப்பையில் என் வீட்டை ஒட்டிய போர்ஷனிலேயே கிடைத்தது.

அங்கே குடியிருந்தவளுக்குப் பக்கத்து ஊரான ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். புருஷன் ஆறு மணிக்கே முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவான். நடுவில் அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய ஆறு வயது மகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள். அம்மா வந்தால்தான் திறக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். பக்கத்தில் நான் இருக்கிறேன் என்ற தைரியம் அவர்களுக்கு.

நான் படம் போட்ட கதையில், அம்மா வெளியே போயிருக்கும் வீட்டுக்கு அம்மா வேஷத்தில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும். அந்தப் பேய்க்குப் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை வைத்தேன். ஓவர்டைமும் சேர்ந்த வாரங்களில் அவளுக்கு இருக்கிற முகம்: பிரிந்த பின்னல், வெடித்த உதடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அந்தக் கறுப்புக்கு மட்டும் மெல்லிய பேனாவால் கோடு கோடாக இழுத்து இரண்டு நாள் உழைத்தேன். புத்தகத்திலேயே அந்தப் பக்கம்தான் உயிரோடு இருக்கிறது என்றார் பதிப்பாளர். தலைகால் புரியாமல் ஒரு பிரதியை அந்தக் குழந்தைக்கே கொடுத்தேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த அவள் அம்மா கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். குழந்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திறக்க மாட்டேன் என்றது. நான் போய், "அம்மாதான்மா, தொற," என்றேன்.

"பேயும் அம்மான்னுதான் ஆன்ட்டி சொல்லும்," என்று உள்ளேயிருந்து அழுதது.

கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்தேன். ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. பெற்றவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலில் புத்தகம் அந்தப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அவள் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னப் பாத்தாக்கா வரைஞ்ச?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கரெக்டாத்தான் கீது," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறாள். முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொள்கிறாள். கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு தடவை அப்புகிறாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாருக்கா, இப்ப அவ அம்மா மாரி கீறேனா?" என்று கேட்கிறாள். தினமும் நான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.