வைரத் தகடு யார் பொறுப்பில்

துவாஸ் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் முலாம் பூசும் தொழிற்சாலையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் என் பொறுப்பு. தண்ணீருக்குள் உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் விடுவோம். அழுக்கு சிதையும். கூடவே தகடும் அரித்துப்போகும். அப்பளம் போல மெலிந்துவிடும்.

பிறகு ஒரு புதுத் தொட்டி வந்தது. அதன் தகடுகளுக்கு மேலே மெல்லிய வைரப் பூச்சு. மோதிரத்து வைரம் போல மின்னாது பிள்ளைகளே, சிலேட்டு மாதிரி கறுப்பாக இருக்கும். ஆனால் அமிலத்தால் அதை அரிக்க முடியாது. அந்தத் தொட்டியை எனக்குத்தான் தருவார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசரோ, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த புக்கிட் பாஞ்சாங் பகுதிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், எங்காவது அரிப்பு விழுந்திருக்கிறதா என்றே என் கண் தேடியது. விழவேயில்லை.

"என்ன அண்ணே, என் டேங்க்கையே சுத்திச் சுத்தி வர்றீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி!"

"உனக்கென்ன தம்பி, வைரத்துக்குக் காவல். நான் இன்னும் துருவைச் சுரண்டிக்கிட்டுக் கிடக்கேன் லா."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் பகுதியில் தகடுகளையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவிப் பொட்டு வைப்போம். தேக்கா சந்தையில் சந்தனமும் குங்குமமும் நான்தான் வாங்கி வந்தேன். புக்கிட் பாஞ்சாங்காரர் பழைய தகடுகளை எடுக்கிற பழக்கத்திலேயே, வைரத் தகட்டின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினார். பொட்டு வைக்கக் குனிந்தபோது பார்த்தேன். அரிசியளவு பூச்சு பெயர்ந்து, உள்ளே உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

வைரத்தை அமிலம் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த இடைவெளி வழியாக உள்ளே போய் உலோகத்தைத் தின்னும். பூச்சு தானாக உரிந்து வரும். நான் பேசாமலிருந்தால் போதும், தொட்டி அவர் கையைவிட்டுப் போய்விடும். விரலில் எடுத்த குங்குமத்தைத் தகட்டில் வைக்கவில்லை. அரித்துப்போன தகடுகளையே தூக்கிப் போட்டுப் பழகியவன் நான். நல்ல தகடு ஒன்று கண்ணெதிரே பாழாவதைப் பார்க்க மனசு வரவில்லை.

"தம்பி, இதை உள்ள எறக்காத. ஓரம் போயிருக்கு, பாரு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். தகட்டை மறுபடியும் பூச்சு போட அனுப்பினார்கள். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்குப் பாராட்டு. தொட்டியும் அவரிடமே.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்கதான் பார்த்தீங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த டேங்க் வந்தா உங்களுக்கே குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

எனக்கு அவர் சிபாரிசு! தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்பைவிட அதிகமாக வயிறு எரிந்தது.