ஆபரேட்டர் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது

எழுபதுகளின் கடைசியில் நான் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி, சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒருமுறை இரண்டு செஸ் புரோகிராம்களை மோதவிட்டார்கள். எங்கள் பேராசிரியர் எழுதியதற்கு நான்தான் ஆபரேட்டர். எதிர்த்தரப்பு நகர்த்தியதை மெஷினுக்குத் தட்டித் தர வேண்டும், மெஷின் அச்சடித்தபடி பலகையில் காயை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். டிரா கேட்பதோ தோல்வியை ஒப்புக்கொள்வதோ என் வேலையில்லை. புரோகிராம் எழுதியவரும் நடுவரும் சம்மதித்தால்தான் உண்டு.

மதியம் தம்பி வந்தான். அப்பா திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாகக் கிடந்தார்.

"ண்ணா, நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கினு கீது. டாக்டர் உன்ன இட்டுக்கினு வரச் சொன்னாரு."

பலகையில் எங்கள் ராணி எப்போதோ போய்விட்டிருந்தது. பேராசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, "தோத்ததா வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"மெஷின் தோத்தேன்னு சொல்லலையேப்பா" என்றார். நடுவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போயிருக்கலாமே என்பீர்கள். என் வேலை தற்காலிகம். அது பேராசிரியர் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

கொடுமை என்னவென்றால், எதிர் மெஷினுக்கு ஜெயிக்கவும் தெரியவில்லை. ராணியை வைத்துக்கொண்டு எங்கள் ராஜாவைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. இரு பக்கமும் தொடர்ந்து ஐம்பது நகர்த்தல் வரை எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் போனால் டிரா என்பது விதி. கடைசியில் அந்த விதிதான் முடித்துவைத்தது. பேராசிரியர் சந்தோஷத்தில் என் முதுகில் தட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாசலில் தம்பி பாதி பன்னை நீட்டினான், வாங்கித் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவில்லை. இனி செய்ய ஒன்றுமில்லை, ஊருக்குக் கொண்டுபோவதானால் போகலாம் என்றார் டாக்டர். மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை எடுத்தால் வீடுவரை தாங்குவாரா என்பதே சந்தேகம். ஆனால் எங்கள் பக்கம் உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும். அதை மூத்த பிள்ளைதான் வாய்திறந்து சொல்ல வேண்டும். அம்மா காலையிலிருந்து அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்லாம், நீ சொல்லுப்பா" என்றாள்.

"ஊட்டுக்கு இட்டுக்கினு போலாம்."

நர்ஸ் உடனே குழாயைக் கழற்றினாள். நான் சொன்னது இந்த முறை யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. யாராவது ஒருவர் கூடாது என்று சொல்லியிருக்கலாமே.